சார்லஸ் பாலத்தின் கைப்பிடிச்சுவர்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் சார்லஸ் பாலத்துக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் சிலைகளைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் முப்பது சிலைகள், விடியற்காலை மூட்டம், புனித நெப்போமுக் அருளப்பரின் சிலைக்குக் கீழே கை பட்டுப் பட்டுப் பளபளத்துப்போன வெண்கலத் தகடு. நான் அந்த ஊரில் வேலை நிமித்தமாக இருந்த காலத்தில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் பல நாள் வீட்டுக்குப் போவேன். எனக்கு மனதில் தங்கிப்போனது கைப்பிடிச்சுவர். கரியேறி, விளிம்பு மழுங்கி, உளித்தடம் தெரியும் ஒரு பழைய கல். அதை ஒட்டியே வெளிறிய நிறத்தில், கத்தியால் வெட்டியது போன்ற விளிம்போடு ஒரு புதுக் கல். அப்புறம் இன்னொரு புதுக் கல். சில இடங்களில் புதுக் கற்களே நீளமாக ஓடுகின்றன. 2007-இலிருந்து 2010 வரை நடந்த பழுதுபார்ப்பில் வைத்தவை அவை.

ஒருநாள் என்னோடு கூட வந்தவர் எனக்குத் தம்பி முறை மாதிரி. சிவில் இன்ஜினியர், அங்கேயே பாலங்கள் கட்டும் கம்பெனியில் வேலை. நான் அந்தச் சுவரைப் பார்த்து முகம் சுளித்ததும் அவர் நிதானமாகச் சொன்னார்: "அக்கா, பாலம் நிக்குது. தண்ணி இறங்கல. யாரும் ஆத்துல விழல. கல்லு புதுசா இருந்தா என்ன, பழசா இருந்தா என்ன? பழைய கல்லத் தொட்டுப் பாக்கணும்ங்கிறது உங்க ஆசை. பாலத்துக்கு அது தேவையில்ல."

அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் கேள்வி விடவில்லை. ஒரு பாலத்துக்கு என்னதான் தேவை? அறுநூறு வருஷத்துக்கு மேல் நின்றுவிட்ட ஒன்றில் எந்தக் கல்லைத்தான் "பழைய கல்" என்று சொல்வது?

இந்தப் பாலத்தின் கதையே இடிபாட்டில்தான் தொடங்குகிறது. இதே இடத்தில் 12-ஆம் நூற்றாண்டில், ஏறக்குறைய 1158-க்கும் 1172-க்கும் இடையில், ஒரு கல்பாலம் கட்டினார்கள். அரசர் விளாதிஸ்லாவின் மனைவி யூடித்தின் பெயரால் அது யூடித் பாலம். 1342 பிப்ரவரியில் பனி உடைந்து வந்த வெள்ளம் அதைக் கொண்டுபோனது. செக் நாட்டு அரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். (நாள், மணி, நிமிடம் எல்லாம் ஒற்றைப்படை எண்களாக ஏறி இறங்கும் அந்தக் கதை எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது, இங்கே வேண்டாம்.) பழையதைவிட உயரமாக, சுமார் 516 மீட்டர் நீளத்தில், 16 வளைவுகளோடு, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை முடிந்தது. நாம் இன்று சொல்லும் பெயர்கூட 1870-இல்தான் வந்தது. அதுவரைக்கும் ஊர்க்காரர்களுக்கு அது கல்பாலம், அல்லது பிராக் பாலம். 1841 வரை அந்த நகரத்தில் வல்டாவா ஆற்றைக் கடக்க வேறு பாலமே கிடையாது என்பதை நினைத்தால் தனிப் பெயர் எதற்கு என்று தோன்றும்.

முந்தைய பாலத்தின் மிச்சங்கள் இன்னும் இருக்கின்றன. மேற்குக் கரையில், மலாஸ்த்ரானா பகுதிப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கோபுரங்களில் சின்னது யூடித் பாலத்தைச் சேர்ந்தது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. எதிரே கிழக்குக் கரையில், பழைய நகரக் கரைச்சுவரில் பதித்திருக்கும் தாடிக்காரன் தலை. அதுவும் யூடித் பாலத்திலிருந்து வந்த கல்தான். தண்ணீர் எது வரை ஏறியிருக்கிறது என்று அந்த முகத்தை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள். தாடியைத் தொட்டால் கரையோரத்து வீடுகள் உஷாராக வேண்டும். இடிந்த பாலத்தின் ஒரு கல்லுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்க முடியாது.

கல்லுக்குள்ளே

வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கக் கல்லாகத் தெரியும் இந்தப் பாலம் உள்ளே அப்படி இல்லை. செதுக்கிய மணற்கல் வெளிச்சுவர். நடுவே சுண்ணாம்புச் சாந்தில் கலந்து கொட்டிய உடைகல் நிரப்பு. வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, வண்டி போனால் அதிர்ந்து, அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் கட்டுமானம் இது. சாந்து கெட்டிப்பட முட்டை கலந்தார்கள் என்று கதை உண்டு. நாடு முழுக்க முட்டை அனுப்பச் சொன்னபோது வெல்வரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்க அவித்தே அனுப்பிவிட்டார்களாம். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகவே இருக்காது.

இந்தச் சாந்தின் பெரிய குணம் அது கல்லைவிட மெத்தென்று இருப்பதுதான். மழைத்தண்ணீர் எப்படியும் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் ஏதாவது ஒரு வழியாக வெளியேற வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் அதிகம். ஈரம் இணைப்புகள் வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். தண்ணீரோடு கரைந்து வரும் உப்பும் சாந்திலேயே பூக்கும், சாந்துதான் பொரிந்து உதிரும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும், கல் தப்பித்துவிடும். அதே இணைப்பில் சிமெண்ட் வைத்துப் பூசினால் நிலைமை தலைகீழ். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியே வரும், உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகும், பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும். நாலைந்து குளிர்காலம் போனால் கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். இணைப்பு மட்டும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவில் பழைய மணற்கல் கட்டடங்களில் இந்தக் காட்சியைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

தூண்களுக்கு முன்னால் ஆற்றில் நிற்கும் மரச் சட்டங்களும் இதே யோசனைதான். மிதந்து வரும் பனிப்பாளங்கள் தூணில் மோதாமல் முதலில் இந்த மரத்தில் மோதி உடையும். மரம் அடிபடும், தேயும், உளுத்துப்போகும். மாற்றிவிடுவார்கள். எதை அடிவாங்க விடலாம், எதை விடக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து கட்டியிருக்கிறார்கள் என்பது புரிந்தபோது எனக்கு அந்தப் பாலத்தின் மேல் இருந்த மரியாதை பல மடங்கு ஆனது.

1890 செப்டம்பர்

இத்தனை யோசனைக்குப் பிறகும் ஆறு விடவில்லை. 1432 வெள்ளத்தில் தூண்கள் சேதமாகி, 1496-இல் இன்னொரு வளைவு விழுந்து, வேலை முடிய 1503 ஆகிவிட்டது. 1784-இல் மறுபடி சேதம். நடுவில் போர்களும் உண்டு. 1648-இல் ஸ்வீடன் படை மறுகரையிலிருந்து தாக்கியபோது பழைய நகரக் கோபுரத்தின் மேற்கு முகத்திலிருந்த சிற்பங்கள் சிதைந்தன. இன்றும் அந்தப் பக்கம் மொட்டையாகத்தான் இருக்கிறது. யாரும் அதை மறுபடி செதுக்கி நிரப்பவில்லை.

1890 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தது வேறு மாதிரியான அடி. மேல்பக்கத்தில் ஆற்றில் கட்டி வைத்திருந்த மரத்தெப்பங்கள் வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு வந்தன. கட்டை கட்டையாக வந்து வளைவுகளின் வாயில் அடைத்துக்கொண்டன. பாலமே ஓர் அணை மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் கீழே அஸ்திவாரத்தைக் குடைந்தது; இரண்டு தூண்கள் அடியிழந்து, மூன்று வளைவுகள் ஆற்றில் விழுந்தன. அவற்றின் மேலிருந்த புனித இக்னேஷியஸ், புனித பிரான்சிஸ் சவேரியார் சிலைகளும் கூடவே போயின. இரண்டு வருஷம் கழித்து, 1892 நவம்பரில்தான் பாலம் மறுபடி திறந்தது. செலவு 6,65,000 கிரௌன்.

ஆக, நடுவிலுள்ள மூன்று வளைவுகள் 19-ஆம் நூற்றாண்டுக் கொத்தனார்கள் கட்டியவை. நடந்து போகிற யாருக்கும் அது தெரியாது. என் தம்பி பிடித்துக்கொண்டது இதைத்தான். "1892-ல மூணு வளைவு முழுசாப் புதுசு. அதுக்கு நீங்க கவலப்படல. கைப்பிடிக் கல்லு நாலு மாத்தினதுக்கு மட்டும் ஏன்கா வருத்தம்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எனக்குப் பாலத்தில் கிடைக்கவில்லை, தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிற்பக்கூடத்தில் கிடைத்தது.

சவேரியார்

அந்தக் கூடம் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத இடம். பாலத்திலிருந்த அசல் சிலைகளில் பலவற்றை மழையும் புகையும் அரிக்காமல் இருக்க அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பாலத்தில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் சிலைகளில் பல, படிகள்தான், அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல்கள். எனக்குச் சவேரியாரைப் பார்க்க வேண்டும். பிராக் நகரத்துப் பாலத்தில் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்து பரதவர் நடுவே திரிந்தவரின் சிலை என்றால் ஒரு தமிழ் ஆளுக்கு எப்படி ஆர்வம் இல்லாமல் இருக்கும்? 1711-இல் ஃபெர்டினாண்ட் பிரோக்காஃப் செதுக்கியது. கீழைநாட்டு மனிதர்கள் தோளில் தாங்க, மேலே சவேரியார் சிலுவையை உயர்த்தி நிற்பார்; அவர் காலடியில் ஞானஸ்நானம் வாங்கும் ஓர் இந்திய இளவரசன். பிரோக்காஃப் நம் கடற்கரையைப் பார்த்ததில்லை. அவருடைய இந்தியர்கள் நம்மைப்போல் இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

ஆற்றில் விழுந்து, வண்டலில் கிடந்து, பிறகு வெளியே எடுத்த அந்த உருவங்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். முழுமையான பகுதியைவிட உடைந்த முகப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை மடிப்பில் உளி சரிந்து போன கோடு, முறிந்த இடத்தில் மணற்கல்லின் உள்நிறம், தேய்ந்த விளிம்பு. பாலத்தில் இப்போது நிற்கும் சவேரியார் 1913-இல் வைத்த படி. அதை எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தப் படி எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. ஏன் உறுத்தவில்லை என்பது அங்கே நிற்கும்போது பிடிபட்டது. அந்தப் படிக்கு ஒரு தேதி இருக்கிறது. செய்தவர் பெயர் இருக்கிறது, செனெக் வோஸ்மிக். எதைப் பார்த்துச் செய்தாரோ அது உடைந்த நிலையிலும் ஒரு கூரைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு ஒரு சிற்பி வந்து, வோஸ்மிக் இந்த மடிப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். சொல்வதற்கு ஆதாரம் கைவசம் இருக்கிறது. எதிர்ப்பக்கப் பீடத்து இக்னேஷியஸுக்குப் படிகூட வைக்கவில்லை. 1938-இல் அந்த இடத்தில் சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு புனிதர்களின் புதுச் சிலையை வைத்தார்கள். அதுவும் நேர்மையான வேலைதான். அது தன்னைப் பழசு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கைப்பிடிச்சுவரில் நடந்தது இந்த மாதிரி இல்லை. இன்னும் வேலை செய்யக்கூடிய கல்லைக் கழற்றிவிட்டார்கள். விளிம்பு மட்டும் உடைந்த கல்லுக்கு ஒட்டுப்போட்டுத் திருப்பி வைத்திருக்கலாம். அல்லது கல்லைப் புரட்டி, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்திருக்கலாம். கல்லில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் அன்றைக்கே கூச்சல் போட்டார்கள்: தேவையில்லாமல் மாற்றிய கற்கள், பொருந்தாமல் வைத்த கற்கள், வேலையை மேற்பார்க்கத் தகுதியான புனரமைப்பு வல்லுநர் இல்லாதது என்று. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவும், பொருள் குறித்தும் முறை குறித்தும் போதிய ஆலோசனை இல்லாமல் அந்த வேலை நடந்தது என்று பதிவு செய்தது. பழைய கல்லில் எத்தனை 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. கைப்பிடிச்சுவரைப் பல தலைமுறைகள் மாற்றி மாற்றித்தான் வைத்திருக்கின்றன. 1892 கல்லிலும் 1892 கைவேலை இருந்தது. அதைப் படித்துப் பார்த்து அந்தக் காலத்து ஆள் எப்படி யோசித்தான் என்று அடுத்த ஆள் தெரிந்துகொள்ளலாம். எடுத்தெறிந்த கல்லில் யார் எதைப் படிப்பது?

கான்கிரீட் பலகை

தம்பியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2007 வேலையைத் தொடங்கியவர்கள் சும்மா தொடங்கவில்லை. பாலத்துக்கு அதற்கு முன்பே ஒரு சிகிச்சை நடந்து, அதன் பின்விளைவு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

1883-இல் இந்தப் பாலத்தில் குதிரை டிராம் ஓடியது. 1905-இல் மின்சார டிராம், 1908-இல் பஸ். அப்புறம் கார், லாரி எல்லாம். 1965-இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் வண்டிகளை ஒரேயடியாக நிறுத்தினார்கள். இந்தப் பாலத்துக்கு 20-ஆம் நூற்றாண்டு செய்த மிகப் பெரிய நல்லது அதுதான் என்பேன். அதே வேலையில் நடைதளத்துக்கு அடியில், வளைவுகளின் மேல், இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் பலகையையும் வைத்தார்கள். நோக்கம் நல்லது: பாலம் இறுகி நிற்க வேண்டும். ஆனால் கான்கிரீட் விரிவதும் சுருங்குவதும் ஒரு மாதிரி, சுண்ணாம்பில் கட்டிய மணற்கல் விரிவதும் சுருங்குவதும் வேறு மாதிரி. வெயிலடித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மேலே போட்ட நீர்த்தடுப்பும் நீடிக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கியது, பனிக்காலத்தில் தூவிய உப்பையும் கரைத்துக்கொண்டு இறங்கியது. நெகிழ்வாக இருந்த உடம்புக்குள் ஒரு விறைப்பான எலும்பை வைத்துத் தைத்துவிட்டார்கள். 2007-இல் நடைதளத்தைப் பிரித்துப் புது நீர்த்தடுப்பு போட வேண்டிய கட்டாயம் இதிலிருந்து வந்தது.

அந்த 1965 வேலையில் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்தே ஈடுபட்டன. அவர்கள் காலத்தின் மிகச் சிறந்த பொருள் என்று நம்பியதை வைத்தார்கள். அதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. இன்றைக்கு நாம் சிறந்தது என்று நம்பி வைக்கும் பொருளைப் பற்றி 2070-இல் என்ன சொல்வார்கள்? ஆகவே திருப்பி எடுக்க முடியாத எதையும் பழைய கட்டுமானத்துக்குள் வைக்கக்கூடாது என்ற பாதுகாப்பாளர்களின் விதியை நான் முழுமனதோடு நம்புகிறேன். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடலாம். கான்கிரீட் பலகையை அப்படி எடுக்க முடியாது, உடைத்தால் கூடவே வளைவும் அதிரும்.

வரி வாங்கியவர்கள்

13-ஆம் நூற்றாண்டில் யூடித் பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு செந்நட்சத்திரச் சிலுவை வீரர்கள் என்ற துறவற சபையிடம் இருந்தது. பாலத்தின் கிழக்குத் தலைமாட்டில் அவர்களுடைய மடம். பாலத்தைக் கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள், பாலத்தைப் பராமரித்தார்கள். அந்த மடத்துக்குக் கீழே யூடித் பாலத்தின் ஒரு வளைவு இன்றைக்கும் இருக்கிறது. சுங்கம் வாங்குவதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதில் பிடித்தது, பாலத்துக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரிகிற மாதிரி பொறுப்பான ஆள் குடியிருந்தார் என்பது. எந்த இணைப்பில் சாந்து போயிருக்கிறது, எந்த மரச்சட்டம் உளுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அப்படி இல்லை. முப்பது நாற்பது வருஷம் பாலத்தை விட்டுவிடுவது, பிறகு பெரிய டெண்டர், பெரிய தொகை, குறிப்பிட்ட மாதத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை. கெடு நெருங்கும்போது உடைந்த கல்லுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கும்? எந்திரத்தில் அறுத்த புதுக் கல் ஒரே அளவில் லாரியில் வந்து இறங்கும். கைப்பிடிச்சுவர் கெட்டது கல்தச்சர்களின் திறமைக் குறைவால் என்று நான் நினைக்கவில்லை. வேலையைக் கொடுத்த விதமே அப்படித்தான் முடியும்.

இதற்கு எதிரான உதாரணமும் அதே பாலத்தில் இருக்கிறது. 2002 ஆகஸ்ட் வெள்ளம் 1890-ஐவிடப் பெரியது. அப்போது எந்திரங்களைப் பாலத்தின் மேலேயே நிறுத்தி, மிதந்துவந்த மரங்களை வளைவில் அடைக்கவிடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாலத்துக்குச் சேதம் சொற்பம். அதன் பிறகு, 1890-க்குப் பின் வலுப்படுத்தாமல் விட்டிருந்த 8-ஆம், 9-ஆம் தூண்களின் அஸ்திவாரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பலப்படுத்தினார்கள். எந்த இடம் பலவீனம் என்று தெரிந்து, அந்த இடத்தை மட்டும் தொட்ட வேலை அது.

தம்பியிடம் இதையெல்லாம் ஒருநாள் விலாவாரியாகச் சொன்னேன். கான்கிரீட் பலகை விஷயத்தில் அவர் எனக்கு முன்பே அப்படித்தான் நினைத்திருந்தார். கைப்பிடிச்சுவரில் பாதிதான் ஒத்துக்கொண்டார். "கல்லக் கழட்டினா நம்பர் போட்டு, படம் எடுத்து, எங்கயாவது அடுக்கி வைக்கணும்கா, அது சரி. ஆனா எல்லாக் கல்லையும் ஒட்டுப்போட்டு வைக்க முடியாது. ஆயிரக்கணக்கானவங்க சாஞ்சு நிக்கிற சுவரு அது." அதில் அவர் சொல்வது சரிதான். சாய்ந்து நிற்கும் குழந்தையின் கீழே கல் பெயர்ந்து விழக்கூடாது.

இப்போது நகர நிர்வாகம் வைத்திருப்பது வளைவு வளைவாக, தூண் தூணாக, சுமார் 20 ஆண்டுகள் போகும் திட்டம். பாலத்தை மூடாமல், ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி. இந்த வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் வளைவில் செய்தது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஐந்தாவது வளைவில் மாற்றிக்கொள்ள இதில் இடம் இருக்கிறது. தம்பிக்கு இதிலும் ஒரு சந்தேகம். 20 வருஷத்தில் கான்ட்ராக்டர் மாறுவார், அதிகாரி மாறுவார், சாந்து கலந்த கொத்தனார் ஓய்வு பெற்றுவிடுவார்; முதல் வளைவுக்குச் சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் கலந்தார்கள் என்பதைக் கடைசி வளைவுக்காரனுக்கு யார் சொல்வது என்கிறார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் என்று பேரேடு போட்டு, அதைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, கோபுரங்களில் ஒன்றிலேயே வைத்து, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கவிட வேண்டும் என்பது என் கட்சி. பேரேடு மட்டும் போதாது, பாலத்துக்கென்று சம்பளம் வாங்கும் இரண்டு கல்தச்சர்களும் ஒரு கொத்தனாரும் நிரந்தரமாக இருக்க வேண்டும், பேரேட்டை அவர்கள்தான் எழுத வேண்டும் என்று அவர் சொல்கிறார்.